கல்லறையில் ‘நொர்கே, 1846’. நிலவறையில் ஒரு பெட்டி. கொள்ளுத்தாத்தாவை எங்கிருந்து தேடுவது?

மினசோட்டா மருமகள் | மார்ச் 3

இந்தப் பகுதியில் எல்லோரும் ரங்கூன் போன தாத்தா, பினாங்கு போன பெரியப்பா என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் தேடுவது நார்வேயிலிருந்து அமெரிக்கா வந்த ஒருவரை. என் தாத்தா இல்லை, வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா. நான் மதுரைப் பக்கம். கல்யாணமாகி மினசோட்டா வந்து 11 வருஷம். மாமியாருக்கு வருகிற மே மாதம் 85 முடிகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "அப்பாவோட அப்பா எந்த ஊர் என்று தெரிந்தால் போதும்" என்கிறார். பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். மருமகள் மாட்டிக்கொண்டேன்.

அவர் பெயர் க்னூட் ஓல்சன். இந்தப் பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பதால் தைரியமாக எழுதுகிறேன். கல்லறையில் பிறந்த தேதி 14 மார்ச் 1846, கீழே ‘நொர்கே’, அதாவது அவர்கள் மொழியில் நார்வே. அவ்வளவுதான், ஊர் இல்லை. 1900ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1869இல் வந்ததாக இருக்கிறது. மனைவி பெயர் காரி. வீட்டு நிலவறையில் ஒரு பெரிய மரப்பெட்டி, நீலப் பச்சையில் பூ வரைந்தது. மூடியின் உள்பக்கம் ‘மாரிட் க்னூட்ஸ்டாட்டர் 1838’ என்று எழுதியிருக்கிறது. மாரிட் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

குடும்பத்தில் சொல்லும் கதை: "ஒஸ்லோவிலிருந்து வந்தார், எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார்." பணம் கட்டித் தேடும் ஒரு தளத்தில் பார்த்தேன். க்னூட் ஓல்சன் என்று போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. தலை சுற்றுகிறது.

ஒஸ்லோ வாசி | மார்ச் 4

தங்கச்சி, முதலில் அந்தக் கதையை ஒரு ஓரமாக வையுங்கள். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட அந்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1இல். உங்கள் ஆள் வந்தது 1869. நியூயார்க் வழி என்றால் காசில் கார்டனில் இறங்கியிருப்பார். ஆனால் அந்தக் காலத்து நோர்வேஜியர்கள் கனபேர் கனடாவின் கியூபெக்கில்தான் இறங்கினார்கள். பாய்க்கப்பல்கள் ஆட்களை அங்கே இறக்கிவிட்டு, திரும்பும்போது மரம் ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்குப் போகும். இரண்டு பக்கமும் காசு. பெயரை அதிகாரி மாற்றினார் என்பதும் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. அமெரிக்கத் துறைமுகத்தில் புதிதாகப் பெயர் எழுதுவதில்லை, கப்பலில் எழுதிக் கொடுத்த பட்டியலைச் சரிபார்ப்பார்கள்.

ஒஸ்லோ என்ற பெயரும் அப்போது இல்லை. 1925 வரைக்கும் இந்த ஊருக்குக் கிறிஸ்தியானியா என்றுதான் பெயர். "ஒஸ்லோவிலிருந்து வந்தார்" என்றால் அங்கே கப்பல் ஏறினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்பில் விமானம் ஏறிய மாதிரி.

இனிப் பெயருக்கு வருவோம். ஓல்சன் என்பது குடும்பப்பெயர் இல்லை. ஓலேயின் மகன், அவ்வளவுதான். இவருடைய மகன் க்னூட்சன் ஆவான், மகள் க்னூட்ஸ்டாட்டர். குடும்பப்பெயர் கட்டாயம் என்று நோர்வேயில் சட்டம் வந்ததே 1923இல்தான். நமக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. நான் இங்கே வந்து இறங்கிய காலத்தில் கந்தோரில் குடும்பப்பெயர் கேட்டார்கள், அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். இன்றைக்கு என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அவர்களுடைய தாத்தாவின் பெயர்தான் குடும்பப்பெயர். 150 வருசத்துக்கு முந்தி உங்கள் க்னூட்டுக்கு நடந்தது எனக்கும் நடந்தது.

ஓல்சனுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பெயர் வரும், அதுதான் பண்ணைப் பெயர். அதுவும் குடும்பப்பெயர் இல்லை, விலாசம். ஆள் வேறு பண்ணைக்குக் குடிபோனால் அந்தப் பெயரும் மாறும். அமெரிக்கா போனபிறகு சிலர் அப்பா பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் பண்ணைப் பெயரை, சிலர் இங்கிலீஷ்காரன் வாய்க்கு எது வந்ததோ அதை. சியரா நெவாடா மலையில் பனிச்சறுக்குப் பலகையில் 20 வருசம் தபால் சுமந்த ‘ஸ்னோஷூ’ தாம்சன் என்பவரைக் கேள்விப்பட்டிருக்கலாம். நோர்வேயின் டெலிமார்க்கில் தின் என்ற ஊரில் ரூ என்ற பண்ணையில் 1827இல் பிறந்தவர். ஊரில் யோன் தோர்ஸ்டைன்சன் ரூ, அமெரிக்காவில் ஜான் தாம்சன். நெவாடாவில் ஜெனோவா ஊரில் அவருடைய கல்லறைக் கல்லில் அந்தத் தாம்சனிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது.

ஆனபடியால் பெயரைத் தேடாதீர்கள், பண்ணையைத் தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்கும்வரை நோர்வே ஏடுகளைத் திறக்கவே வேண்டாம். அமெரிக்காவிலேயே எங்கேயாவது ஊர்ப்பெயர் இருக்கும். அவர் எந்த லூத்தரன் கோயிலுக்குப் போனார் என்று பாருங்கள்.

கர்ணம் வீட்டுப் பிள்ளை | மார்ச் 4

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நார்வே எனக்குத் தெரியாது, பதிவேடு தெரியும். அம்மா, அந்தப் பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். க்னூட் பிறந்தது 1846, பெட்டியில் 1838. ஆகவே அது அவர் மனைவியுடையதாக இருக்க முடியாது. பெயரும் வருஷமும் போட்டுப் பூ வரைந்த பெட்டி என்றால் கல்யாணச் சீர்ப் பெட்டி மாதிரி தோன்றுகிறது. அவருடைய தாயாராக இருக்குமோ?

இன்னொன்று. 1900 கணக்கெடுப்பைப் பார்த்தீர்கள் சரி. அதற்கு முந்தையதைப் பார்த்தீர்களா?

சந்தேகப் பிராணி | மார்ச் 5

பெட்டி ஏலத்தில் வாங்கியதாகக்கூட இருக்கலாம். டி.என்.ஏ. சோதனை எடுத்துவிட்டால் ஒரே வாரத்தில் முடிகிற வேலைக்கு ஏன் இவ்வளவு?

ஒஸ்லோ வாசி | மார்ச் 5

எச்சிலைத் துப்பி அனுப்பினால் மூன்றாம் மச்சான், நாலாம் மச்சான் என்று 800 பேருடைய பட்டியல் வரும். அந்த மச்சான்களுக்கும் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று தெரியாது, தம்பி. ஏடு பார்க்காமல் அதுவும் உதவாது.

கர்ணம் ஐயா சொன்னது சரி. இங்கே அதைக் கிஸ்தே என்பார்கள். கல்யாணத்துக்குச் செய்த பெட்டியையே பிறகு அமெரிக்கா போகும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். பாய்க்கப்பலில் சாப்பாடு பயணிகளே கொண்டுபோக வேண்டும், பத்து வாரத்துக்கு. பிளாட்பிரோ என்று அப்பளம் மாதிரி ஒரு காய்ந்த ரொட்டி, மாதக்கணக்கில் கெடாது. அது, உப்புப் போட்ட இறைச்சி, மா, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

மினசோட்டா மருமகள் | மார்ச் 12

ஒஸ்லோ அண்ணா, கோயில் கிடைத்தது! கல்லறை இருக்கிற அதே சபைதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அலுவலகத்து அம்மாவிடம் கேட்டேன். சேலையில்லை, தொப்பியும் பனிக்கோட்டும்தான், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு "நீங்களா நார்வேக்காரரைத் தேடுகிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பெரிய ஏடு. 1920கள் வரைக்கும் நார்வே மொழியிலேயே எழுதியிருக்கிறார்கள். உறுப்பினர் பட்டியலில் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் என்று கட்டம் கட்டமாக. க்னூட் ஓல்சன், 14 மார்ச் 1846, அப்புறம் நார்வேயில் அவர் பிறந்த இடம் ‘ஸ்லிட்ரே, வால்ட்ரெஸ்’.

மாமியாரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். "வால்ட்ரெஸ்... அப்பா அப்படி ஒரு பாட்டு பாடுவார், அது ஏதோ சாமி பாட்டு என்று நினைத்தேன்" என்றார்.

இன்னொரு சந்தேகம். அவருடைய குடியுரிமைக் காகிதத்தில் ‘ஸ்வீடன், நார்வே மன்னருக்கு விசுவாசத்தைத் துறக்கிறேன்’ என்று இருக்கிறது. வீட்டுக்காரர் "அப்போ நாம் ஸ்வீடன்காரர்களா?" என்று முகம் வாடிப்போனார்.

ஒஸ்லோ வாசி | மார்ச் 12

அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 1814இலிருந்து 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. நோர்வேஜியர் எல்லோரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

வால்ட்ரெஸ் ஒஸ்லோவுக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கு, ஸ்லிட்ரே அதற்குள் இருக்கிற ஊர். நான் கோடைகாலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், லோமன் என்ற இடத்தில் பழைய மரக்கோயில் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து அமெரிக்கா போன சனம் கனக்க. மினியாபொலிஸ் மின்னஹாஹா பூங்காவில் வால்ட்ரெஸ் ஊரார் 1899இலேயே ஒன்றுகூடல் வைத்தார்கள். நம்முடைய ஊர்ச்சங்கம் மாதிரித்தான்.

இன்றைக்கு இரவு டிஜிடால்ஆர்கிவெட்டைத் திறக்கிறேன். நோர்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. கோயில் ஏடுகள் முழுக்கப் படமாக இருக்கின்றன.

ஒஸ்லோ வாசி | மார்ச் 15

மூன்று இரவு போய்விட்டது. மனுசி கத்துகிறார். எழுத்து கோதிக் கையெழுத்து, ‘e’ எல்லாம் ‘n’ மாதிரி இருக்கும். எனக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. என் மகளுக்கும் வாசிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், கோப்பிக்கு வரச் சொல்லிக் கேட்டேன்.

ஸ்லிட்ரே ஞானஸ்நான ஏட்டில் 1846இல் மூன்று க்னூட் ஓல்சன்! ஏட்டில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தாய் தகப்பன், பண்ணை, ஞானப்பெற்றோர் ஐந்து பேர் என்று கட்டங்கள். மூன்றில் ஒன்றில்தான் தாயின் பெயர் மாரிட் க்னூட்ஸ்டாட்டர். பிறந்த நாள் 14 மார்ச். கல்லறையில் இருக்கிற அதே தேதி. தகப்பன் ஓலே ஆண்டர்சன். மாரிட்டும் ஓலேயும் கல்யாணம் முடித்தது 1838 ஜூன். பெட்டி ஏலத்தில் வந்தது என்று சொன்ன தம்பி எங்கே?

சந்தேகப் பிராணி | மார்ச் 15

இங்கேதான் இருக்கிறேன். நானும் நீங்கள் சொன்ன தளத்தில் பக்கம் புரட்டினேன். 1843இலும் அதே தாய் தகப்பனுக்கு க்னூட் என்று ஒரு பையன் பிறந்திருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு க்னூட்டா? எது உங்கள் ஆள்?

ஒஸ்லோ வாசி | மார்ச் 16

தம்பி, கைகொடுக்க வேண்டும் உங்களுக்கு. அடக்க ஏட்டைப் பார்த்தேன். முதல் க்னூட் 1844 பெப்ரவரியில் செத்துப்போனான், 8 மாதக் குழந்தை. அடுத்ததாகப் பிறந்த பையனுக்கு அதே பெயரை வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இது வழக்கம், இதை அறியாமல் செத்த பிள்ளையின் பிறப்பைப் பிடித்துக்கொண்டு மரம் வரைந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஏன் அதே பெயர்? மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். மாரிட் க்னூட்ஸ்டாட்டர், க்னூட்டின் மகள். அவளுடைய தகப்பன் பெயர் போகக்கூடாது, அதனால் திரும்ப வைத்தார்கள். மூத்தவன் ஆண்டர்ஸ், தகப்பன் வழித் தாத்தா. எல்லாம் சரியாக விழுகிறது.

கர்ணம் வீட்டுப் பிள்ளை | மார்ச் 16

பேரன் என்ற சொல்லே பெயரன்தானே! பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன, பத்திரம் பார்க்கிறவன் அழுவான். நார்வேக்காரனும் அதே ஆள்தான் போலிருக்கிறது.

அப்படியென்றால் பெயரை வைத்தே பிறந்த வரிசை சொல்லலாம். இவர் இரண்டாவது மகன். நிலம் யாருக்குப் போயிற்று?

ஒஸ்லோ வாசி | மார்ச் 17

ஐயா, நீங்கள் கேட்கும் கேள்விதான் கேள்வி. இங்கே ஓடெல் உரிமை என்று ஒன்று. அந்தக் காலத்தில் பண்ணை துண்டாகாமல் மூத்த மகனுக்குப் போகும். இளையவர்கள் யாருடைய நிலத்திலாவது குடிசை போட்டு ஹூஸ்மன் ஆக வேண்டும், குடிவாரக்காரன் மாதிரி. இல்லாவிட்டால் கப்பல். நோர்வேயின் சனத்தொகை 1801இல் 8.8 லட்சம், 1865இல் 17 லட்சம். நிலம் அதே நிலம், அதிலும் உழக்கூடியது கொஞ்சம். 1825இல் ஸ்டாவங்கரிலிருந்து ‘ரெஸ்டௌராஷொன்’ என்ற சின்னக் கப்பலில் 52 பேர் போனதில் தொடங்கி நூறு வருசத்தில் 8 லட்சம் பேர் போனார்கள். சனத்தொகைக்கு அளந்து பார்த்தால் அயர்லாந்துக்கு அடுத்தது இந்த நாடுதான்.

1865 கணக்கெடுப்பில் வீடு கிடைத்தது. டிசம்பர் 31ஆம் தேதிக் கணக்கு. தகப்பன் ஓலே, சொந்தப் பண்ணைக்காரர். மகன் ஆண்டர்ஸ் 27. மகன் க்னூட் 20, ‘தகப்பனுக்கு உதவி’. குதிரை 1, மாடு 6, செம்மறி 14, வெள்ளாடு 9. பார்லி எவ்வளவு விதைத்தார்கள், உருளைக்கிழங்கு எவ்வளவு நட்டார்கள் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள்.

மினசோட்டா மருமகள் | மார்ச் 17

க்னூட் 1846 மார்ச் என்றால் 1865 டிசம்பரில் 19தானே? 20 என்று எப்படி?

கர்ணம் வீட்டுப் பிள்ளை | மார்ச் 17

நடப்பு வயது எழுதியிருப்பார்கள். 19 முடிந்து 20 நடக்கிறது.

ஒஸ்லோ வாசி | மார்ச் 17

அதேதான். அந்தக் கணக்கெடுப்பில் நடப்பு வயதுதான். ஐயா நோர்வே தெரியாது என்று சொல்லிவிட்டு நோர்வேஜியருக்கே பாடம் எடுக்கிறார்.

தங்கச்சிக்கு ஒரு இனாம். 1861 உறுதிப்பூசுதல் ஏடு, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபிறகு வேதபாடம் படித்துக் கோயிலில் விசுவாசத்தை உறுதிசெய்கிற சடங்கின் பதிவு. உறுதிப்பூசுதல் 1736இலிருந்து சட்டப்படி கட்டாயம், யாரும் தப்ப முடியாது. பெரியம்மை ஊசி போட்ட தேதியும் அதில் இருக்கும், 1810இலிருந்து அதுவும் சட்டம். உங்கள் க்னூட்டுக்கு ஒரு வயதில் குத்தியிருக்கிறார்கள். வேதபாட அறிவுக்குப் பாதிரியார் போட்ட மதிப்பெண் ‘மோடெலி’. தமிழில் சொன்னால் ‘சுமார்’.

மினசோட்டா மருமகள் | மார்ச் 18

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். அவருடைய அப்பா ஞாயிறுதோறும் வேதபாடம் ஒப்பிக்கவைத்து, தப்பினால் சாப்பாடு கிடையாது என்பாராம். "சுமாரின் மகனா என்னை அப்படிப் படுத்தினான்!"

புதிய உறுப்பினர் 77 | மார்ச் 18

பின்தொடர்கிறேன். என் பாட்டனார் பர்மா போனவர். எங்களிடம் ஒரு தபால் உறைகூட இல்லை. பொறாமையாக இருக்கிறது.

கர்ணம் வீட்டுப் பிள்ளை | மார்ச் 20

அம்மா, நான் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 1900க்கு முந்தைய கணக்கெடுப்பு?

மினசோட்டா மருமகள் | மார்ச் 21

மன்னிக்கணும் ஐயா. 1890 ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டனவாம். 1880 இருக்கிறது. ஜூன் மாதம் எடுத்தது. அப்படியே எழுதுகிறேன்: க்னூட் 34, விவசாயி, பிறப்பு நார்வே. காரி 22, மனைவி, பிறப்பு நார்வே. ஓலே 12, மகன், பிறப்பு நார்வே. ராக்ன்ஹில்ட் 1, மகள், பிறப்பு மினசோட்டா.

கர்ணம் வீட்டுப் பிள்ளை | மார்ச் 21

இன்னொரு முறை படியுங்கள்.

மினசோட்டா மருமகள் | மார்ச் 21

படித்தேன். வயதெல்லாம் சரியாகத்தானே... ஐயோ.

அம்மாவுக்கு 22. பையனுக்கு 12.

ஒஸ்லோ வாசி | மார்ச் 22

நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. ஏட்டின் பின்பக்கத்தில் ‘ஊருக்கு வெளியே போனவர்கள்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம் என்று விட்டுவைத்தது என் பிழை. 1869 ஏப்ரல்: க்னூட் ஓல்சன், மனைவி ராக்ன்ஹில்ட் ஹல்வோர்ஸ்டாட்டர், மகன் ஓலே, 1 வயது. போகும் இடம் ‘அமெரிக்கா’. பாதிரியார் அந்த ஒரு சொல்லோடு விட்டுவிட்டார், மேலேயும் கீழேயும் அந்த மாதத்தில் எல்லா வரியிலும் அதே சொல்தான்.

கல்யாண ஏடு: 1867 அக்டோபர். ராக்ன்ஹில்ட் ஒரு ஹூஸ்மனின் மகள், பக்கத்துப் பண்ணையின் குடிசை. பண்ணைக்காரன் மகன் குடிசைக்காரன் மகளைக் கட்டினால் அந்தக் காலத்தில் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா? மூத்தவனுக்குப் பண்ணை, இளையவன் இப்படி ஒரு கல்யாணம். ஆனால் மாரிட் தன்னுடைய கல்யாணப் பெட்டியை அவர்களுக்குத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை மட்டும் பெட்டி சொல்கிறது.

மினசோட்டா மருமகள் | மார்ச் 22

மாமியாருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்த பாட்டி காரி மட்டும்தான். ‘பெரியப்பா ஓலே’ என்று ஒருவர் இருந்தார், எல்லோரையும்விட ரொம்ப மூத்தவர், தனியாகவே இருப்பார் என்று மட்டும் சொல்கிறார். இப்போதைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் சபை ஏட்டைத் திரும்பப் பார்க்கிறேன்.

மினசோட்டா மருமகள் | மார்ச் 30

அடக்க ஏட்டில் இருக்கிறார். ராக்ன்ஹில்ட், க்னூட் ஓல்சனின் மனைவி, 31 வயது, 1876. தேதி ‘9பெர் 18’ மாதிரி இருக்கிறது. செப்டம்பர் 18 என்று எடுத்துக்கொள்ளலாமா, ஒன்பதாவது மாதம்? காரணக் கட்டத்தில் ஒரு சொல், படம் அனுப்புகிறேன்.

ஒஸ்லோ வாசி | மார்ச் 30

9பெர் என்றால் நவம்பர். லத்தீனில் நொவெம் என்றால் ஒன்பது, பழைய பாதிரிமார் அப்படிச் சுருக்குவார்கள். 7பெர் செப்டம்பர், 8பெர் அக்டோபர். இதில் வழுக்கி விழாத ஆளே இல்லை.

அந்தச் சொல் ‘பிரசவம்’. அடுத்த வரியையும் பாருங்கள். பெயர் இல்லாத ஒரு குழந்தை, அதே தேதி.

மினசோட்டா மருமகள் | ஏப்ரல் 19

இடையில் எழுதவில்லை, காத்திருந்தது வந்தது. ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் நிலம் வாங்கியவர்களின் கோப்பு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, நகல் கேட்டிருந்தேன். 1862 சட்டம்: 160 ஏக்கர், ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்து காட்டினால் பட்டா. க்னூட் 1871இல் விண்ணப்பித்து 1877 மே மாதம் நிரூபித்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி, இருவரும் வால்ட்ரெஸ் ஆட்கள்.

சாட்சியம் இப்படிப் போகிறது: மரக்கட்டை வீடு, 14க்கு 16 அடி, பலகைத் தரை, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். தொழுவம், கிணறு. 40 ஏக்கர் உழுதது. அந்த வருஷங்களில்தான் (1873இலிருந்து 77 வரை) மினசோட்டாவில் வெட்டுக்கிளி வந்து பயிரையெல்லாம் தின்றது. குடும்ப விவரம் கேட்ட இடத்தில் அச்சடித்த ‘மனைவி’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு ‘ஒரு மகன்’ என்று எழுதியிருக்கிறது.

என் மேஜை 14க்கு 16 அறையில்தான் இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

கர்ணம் வீட்டுப் பிள்ளை | ஏப்ரல் 19

அந்த அடித்தல் ஒன்றுக்காகவே கோப்பு வாங்கியது தகும். பின்னாளில் காரியைக் கட்டியது எப்போது?

மினசோட்டா மருமகள் | ஏப்ரல் 19

1878 மார்ச். அடுத்த வருஷம் மகள்.

ஒஸ்லோ வாசி | ஏப்ரல் 20

அந்த மகளின் பெயரைக் கவனித்தீர்களா? பெயர் வைக்கிற வழக்கத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, நான் முன்னம் சொல்லவில்லை. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்தால், புது மனைவிக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்குச் செத்த மனைவியின் பெயர். காரி பெற்ற பிள்ளைக்கு ராக்ன்ஹில்ட்.

சந்தேகப் பிராணி | ஏப்ரல் 20

இரண்டாம் தாரம் இதற்குச் சம்மதிப்பாளா?

ஒஸ்லோ வாசி | ஏப்ரல் 20

சம்மதம் கேட்கிற காரியமே இல்லை, அதுதான் முறை. வைக்காவிட்டால்தான் ஊர் கதைக்கும்.

மினசோட்டா மருமகள் | ஏப்ரல் 20

அண்ணா, எனக்குக் கை நடுங்குகிறது. மாமியாரின் நடுப்பெயர் ராக்ன்ஹில்ட். மூத்த அத்தை பெயரை வைத்தார்கள் என்று மட்டும் தெரியும். அந்த அத்தைதான் 1880 கணக்கெடுப்பில் இருக்கிற ஒரு வயதுக் குழந்தை.

மினசோட்டா மருமகள் | மே 24

பிறந்தநாள் முடிந்தது. எல்லோரும் போனபிறகு சமையலறை மேஜையில் வரிசையாக எடுத்து வைத்தேன்: ஸ்லிட்ரே ஞானஸ்நானம், ‘சுமார்’, 1869 பட்டியல், அடக்க ஏடு, அந்த அடித்த சொல், அப்புறம் கடைசியில் பெயர் வழக்கம். மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் படித்தார். அழவில்லை, நான்தான் அழுதேன். "இவள் எங்கே இருக்கிறாள்?" என்று மட்டும் கேட்டார்.

சபை அலுவலகத்து அம்மாவிடம் கல்லறைத் தோட்டத்தின் பழைய வரைபடம் இருந்தது. நேற்றுப் போனோம். க்னூட்டும் காரியும் இருப்பது முன்வரிசை, பெரிய கருங்கல். ராக்ன்ஹில்ட் வடக்கு ஓரம், நான்காவது வரிசை. கல் இல்லை, புல்தான். பக்கத்தில் பெரியப்பா ஓலேயின் கல். குடும்பத்தோடு சேராமல் அங்கே போய்ப் படுத்திருக்கிறாரே என்று இத்தனை வருஷமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மாமியார் அங்கேயே மடக்கு நாற்காலியைப் போடச் சொல்லி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கொசு பிடுங்கியது, எழுந்திருக்கவில்லை.

கல் வைக்கப்போகிறோம். கல்வெட்டுபவர் எழுத்துக்கூட்டல் கேட்கிறார். ஸ்லிட்ரேயில் ஒன்று, வெளியே போனவர்கள் பட்டியலில் வேறொன்று, இங்கே சபை ஏட்டில் மூன்றாவது. எதைப் போடுவது?

ஒஸ்லோ வாசி | மே 24

நான் நோர்வே என்று எழுதுகிறேன், நீங்கள் நார்வே என்று எழுதுகிறீர்கள், மூன்று மாதமாக ஒரே நாட்டைத்தான் கதைக்கிறோம். ஞானஸ்நானத்தில் பாதிரியார் எழுதியதைப் போடுங்கள், தங்கச்சி.

கர்ணம் வீட்டுப் பிள்ளை | மே 25

தகப்பன் பெயரை விட்டுவிடாதீர்கள்.

மினசோட்டா மருமகள் | மே 25

மாமியாரும் அதையேதான் சொன்னார், ஐயா. ராக்ன்ஹில்ட் ஹல்வோர்ஸ்டாட்டர், அதற்குக் கீழே அந்தக் குடிசை இருந்த பண்ணையின் பெயர். எழுத்துக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கு, வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்டில் தயாராகுமாம்.